இரவல் ஸ்ட்ரைக்கர்: ஃபெர்குசன் எங்கே ஆடினால் தேறுவார்?

2025 டிசம்பர் 11 அன்று கிளாஸ்கோவுக்குப் போன இத்தாலியின் ரோமா கால்பந்து அணி, ஸ்காட்லாந்தின் செல்டிக்கை 3-0 என்று அடித்துவிட்டுத் திரும்பியது. முதல் கோல், செல்டிக்கின் லியாம் ஸ்கேல்ஸ் தன் வலையிலேயே போட்டுக்கொண்டது. அடுத்த இரண்டும் ரோமாவின் 21 வயது ஸ்ட்ரைக்கர் (கோல் அடிப்பதே முதல் வேலையாக முன்னால் ஆடுகிறவர்) அடித்தவை, இரண்டும் இடைவேளைக்கு முன்பே. ஸ்கேல்ஸும் அயர்லாந்துக்காரர், அந்த ஸ்ட்ரைக்கரும் அயர்லாந்துக்காரர். ஆக மூன்று கோலையும் ஐரிஷ் கணக்கில்தான் எழுத வேண்டும். அயர்லாந்தில் செல்டிக்குக்கு இருக்கும் ரசிகர் கூட்டம் சின்னதல்ல. அன்று இரவு அவர்கள் பாடு திண்டாட்டம்தான்: சொந்த அணி மண்ணைக் கவ்வுகிறது, சொந்த நாட்டுப் பையன் எழுந்து நிற்கிறான்.

பையனின் பெயர் Evan Ferguson. அதைத் தமிழில் எழுதுவதே ஒரு வில்லங்கம். எவன் என்று எழுதினால் கேள்வி மாதிரி இருக்கிறது, இவன் என்றால் பதில் மாதிரி. ஃபெர்குசன் என்றே வைத்துக்கொள்வோம். மான்செஸ்டர் யுனைடெட்டை ஆண்ட சர் அலெக்ஸுக்கும் இவருக்கும் உறவில்லை.

ரோமா இவரை 2025 ஜூலையில் இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப்பிடமிருந்து ஒரு சீசனுக்கு லோனில், அதாவது இரவலாக, எடுத்தது, பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமையோடு. முதல் கோலுக்கு நவம்பர் 23 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜனவரியில் திருப்பி அனுப்பிவிடலாம் என்ற பேச்சுகூட ரோமில் அடிபட்டது. செல்டிக் ஆட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு அடங்கி, பழைய சண்டை புதிதாகத் தொடங்கியிருக்கிறது. ரோமாவே விலை கொடுத்து வாங்கட்டும் என்கிறது ஒரு கட்சி. பிரைட்டன் அழைத்துக்கொள்ளட்டும் என்கிறது இன்னொன்று. அடுத்த சீசனுக்கு வேறு எங்காவது, கொஞ்சம் சின்ன இடமாகப் பார்த்து மறுபடி இரவல் கொடுக்கட்டும் என்பது மூன்றாவது. நான் இந்த மூன்றாவது கட்சிக்காரன். அதில் ஒரு 'ஆனால்' இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

சண்டை ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்று புரிய, கதையைக் கொஞ்சம் பின்னால் ஓட்ட வேண்டும். மீத் கவுண்டியின் கடலோர ஊரான பெட்டிஸ்டவுன்தான் ஃபெர்குசனின் ஊர். அப்பா பாரியும் தொழில்முறைத் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். மகன் 14 வயதில் டப்ளினின் போஹீமியன்ஸ் அணிக்காக செல்சிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் இறங்கினார். 2021 ஜனவரியில் பிரைட்டன். 2022-இன் கடைசி நாளில் ஆர்சனலுக்கு எதிராக, இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீகில் முதல் கோல். 2023 செப்டம்பரில், 19 வயது முடியும் முன்பே, நியூகாசிலுக்கு எதிராக ஹாட்ரிக். அந்த மூன்றில் இரண்டாவது கோலை இன்றும் போட்டுப் பார்க்கலாம்: பாக்ஸுக்கு (கோலுக்கு முன்னால் உள்ள கட்டம்) வெளியிலிருந்து, அதிகம் யோசிக்காமல், தரையோடு தரையாக மூலைக்குள் ஓர் அடி. அயர்லாந்து ரசிகர்கள் அன்று, நாட்டு அணிக்காக ராபி கீன் வைத்திருக்கும் 68 கோல் சாதனையைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார்கள். பிரைட்டன் 2029 வரை ஒப்பந்தம் போட்டது.

அதே 2023 நவம்பரில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக ஒரு கோல். அடுத்த பிரீமியர் லீக் கோல் வந்தபோது 2024 அக்டோபர் ஆகிவிட்டது. நடுவில் கணுக்கால் காயம், இவரை வளர்த்த பயிற்சியாளர் டி செர்பியின் விலகல், புதியவர் ஹுர்ட்ஸலரின் வருகை. அப்புறம்தான் இரவல் காண்டம்.

முதல் இரவல் 2025 பிப்ரவரியில், வெஸ்ட் ஹாமுக்கு. காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பிரைட்டனில் இவருக்கு முதல் வாய்ப்பு கொடுத்த கிரஹாம் பாட்டர் அங்கே அப்போதுதான் பயிற்சியாளராக வந்திருந்தார். மிகேல் அன்டோனியோ கார் விபத்தில் சிக்கி ஆட முடியாத நிலை, ஃபுல்க்ரூக்கும் காயம். ஸ்ட்ரைக்கர் நாற்காலியே காலி. இருந்தும் லீகில் 8 ஆட்டங்கள், அதில் தொடக்கத்திலிருந்து ஆடியது ஒன்றே ஒன்று, கோல் பூஜ்யம். பாட்டர் பாதுகாப்பான வழியைப் பார்த்தார், போவனையும் குதூஸையும் முன்னால் நிறுத்தி ஆட்டத்தை ஓட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. தன் வேலை தப்ப வேண்டுமே என்று ஓடுகிற பயிற்சியாளர், மே மாதம் திருப்பிக் கொடுக்கப் போகும் பையனுக்காகத் தோல்வியை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது பழமொழி. பிரீமியர் லீகில் அதை நம்புகிற பயிற்சியாளரை நான் பார்த்ததில்லை.

இங்கேதான் ரசிகர்கள் வழக்கமாகச் சறுக்குவது. தெரிந்த பயிற்சியாளர் இருக்கிறார், அதனால் போகலாம் என்பார்கள். ராபி கீன் கதையே இதற்கு மருந்து. 2000-இல் இன்டர் மிலானுக்கு அவரை அழைத்தவர் மார்செல்லோ லிப்பி. சீசன் சூடு பிடிப்பதற்குள் லிப்பியின் வேலை போனது, அடுத்து வந்தவர் மார்கோ தார்தெல்லி. அந்த டிசம்பரிலேயே கீன் லீட்ஸுக்கு லோனில் கிளம்பிவிட்டார். அங்கே மீதி சீசனில் லீகில் 9 கோல் அடித்தார், லீட்ஸ் அவரை விலைக்கே வாங்கியது. (இதே தார்தெல்லி பின்னாளில் அயர்லாந்து அணிக்குத் துணைப் பயிற்சியாளராக வந்தார், அணித் தலைவர் கீன்! கால்பந்தில் யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது.) பயிற்சியாளரின் அன்பு பருவ மழை மாதிரி, வந்தால் உண்டு. பார்க்க வேண்டியது வேறு: அந்த அணிக்கு இவரை விட்டால் வேறு ஆள் இருக்கிறதா இல்லையா.

இரண்டாவது இரவல், இப்போதைய ரோமா. பயிற்சியாளர் ஜியான் பியரோ காஸ்பெரினி. ஸ்ட்ரைக்கர்களைச் செதுக்குவதில் இவருக்குப் பெரிய பெயர். அட்டலாண்டாவில் துவான் சபாத்தா, ஒரே சீசனில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விலை போன ராஸ்மஸ் ஹொய்லுன், 2024-25 சீசனில் 25 கோலடித்து இத்தாலிய லீகின் முதலிடம் பிடித்த ரெடெகி என்று வரிசை நீளம். அதனால்தான் ஜூலையில் எல்லோரும் கைதட்டினோம், நான் உட்பட. ஆனால் காஸ்பெரினியின் ஸ்ட்ரைக்கர் கோல் அடிப்பதோடு தப்ப முடியாது. எதிரணித் தடுப்பாட்டக்காரரை முதுகில் சுமந்தபடி பந்தை வாங்க வேண்டும், பக்கவாட்டுக்கு ஓடி அவரை இழுத்துக்கொண்டு போக வேண்டும், பந்து பறிபோனால் ஆளுக்கு ஆள் என்று துரத்த வேண்டும். ஃபெர்குசனின் இயல்பு பாக்ஸுக்குள் காத்திருந்து, ஒரே தொடுதலில் முடிப்பது. போதாததற்கு அங்கே டோவ்பிக் என்ற ஆறடி உக்ரைன்காரர் இருக்கிறார். ஸ்ட்ரைக்கரே வேண்டாம் என்றால் டிபாலாவை நடுவில் நிறுத்தி ஆடவும் காஸ்பெரினி தயங்குவதில்லை.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். ரோமாவுக்கு ஒரு கோல்கூட அடிக்காத அந்த மாதங்களில், அயர்லாந்துக்கு இவர் அடித்துக்கொண்டேதான் இருந்தார். செப்டம்பர் 6, டப்ளினில் ஹங்கேரிக்கு எதிராக 0-2 என்று பின்தங்கியிருந்தபோது முதல் கோல் இவருடையது, 2-2 ஆக்கிய கடைசி நேரக் கோல் ஆடம் ஐடாவுடையது. மூன்று நாள் கழித்து ஆர்மீனியாவில் அணி 1-2 என்று தோற்றது, அந்த ஒன்றும் இவர்தான். அக்டோபரில் டப்ளினில் ஆர்மீனியாவை வென்ற 1-0வும் இவர்தான். கால் மாறவில்லை, கண் மாறவில்லை. அயர்லாந்து பந்தை பாக்ஸுக்குள் தூக்கிப் போடுகிறது, அங்கே இவர் நிற்கிறார். "ஃபார்ம் போச்சு" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுகிறவர்கள் இந்த மூன்று கோலையும் எந்தக் கணக்கில் வைக்கிறார்கள்?

சரி, ரோமா வாங்கட்டும் என்ற கட்சிக்கு என்ன பதில்? வாங்கினால் நல்லதுதான். அதன் பிறகு அவர் இரவல் பொருள் இல்லை, சொந்தச் சொத்து. இரவல் சைக்கிளுக்கு யாரும் எண்ணெய் போட்டுக் கொடுப்பதில்லை, சொந்தமானால்தான் துடைத்து வைப்பார்கள். பிரைட்டனே இப்படி ஓர் ஆளை விட்டுக் கொடுத்திருக்கிறது: டெனிஸ் உந்தாவ். 2023-இல் ஸ்டுட்கார்ட்டுக்கு லோனில் போனார், ஜெர்மனியின் முதல்நிலை லீகான புண்டஸ்லீகாவில் 18 கோல், அணி இரண்டாம் இடம், அடுத்த கோடையில் ஸ்டுட்கார்ட் வாங்கியே விட்டது. ஆனால் உந்தாவ் அப்போது 27 வயது முற்றிய ஆட்டக்காரர், ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் ஆடினார். 21 வயதுக்காரருக்கு வாங்கும் உரிமை என்பது இருமுனைக் கத்தி. ஒவ்வொரு ஆட்டமும் நேர்முகத் தேர்வாகிவிடும். இருபது நிமிடம் இறங்கினாலும் 'இத்தனை கோடி யூரோவுக்குத் தகுமா' என்ற தராசில் ஏற்றிப் பார்ப்பார்கள். வாங்கப் போவதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டால், அந்த நாளிலிருந்து அவரை ஆட வைக்கவும் காரணம் இருக்காது.

பிரைட்டனுக்குத் திரும்பலாம் என்ற கட்சியைச் சுருக்கமாகவே முடிக்கலாம். டேனி வெல்பெக் 35 வயதிலும் இடத்தை விட்டு அசைவதாக இல்லை. போதாதென்று 2025-இல் கிரீஸ் நாட்டுப் பையன்கள் இருவரை, கொஸ்தூலாஸையும் ட்சிமாஸையும், எதிர்கால ஸ்ட்ரைக்கர்களாக வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஒரு கிளப் என்ன நினைக்கிறது என்பதை அதன் பேட்டிகளில் தேடக் கூடாது, அது எதை வாங்குகிறது என்று பார்த்தால் போதும்.

பிரைட்டன் ரசிகர்களின் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு பக்கம் ஆரன் கானலி. அவரும் அயர்லாந்து, அவரும் ஸ்ட்ரைக்கர், 2019 அக்டோபரில் டாட்டன்ஹாமுக்கு எதிராக இரண்டு கோல் அடித்து ஒரே நாளில் நாயகன் ஆனவர். மிடில்ஸ்பரோ, வெனிஸ், ஹல் என்று இரவல் இரவலாகப் போய், பிரைட்டனுக்கு ஆளாகத் திரும்பவே இல்லை. மறுபக்கம் விக்டர் யோகெரெஸ். அவரையும் இதே பிரைட்டன்தான் செயின்ட் பாலி, ஸ்வான்சி, கோவன்ட்ரி என்று மூன்று இடத்துக்கு அனுப்பிப் பார்த்தது, ஸ்வான்சியில் அவருக்கு ஒன்றும் அமையவில்லை, கடைசியில் கோவன்ட்ரிக்கே சல்லிசாக விற்றது. கோவன்ட்ரியில் இரண்டு சீசன் வாராவாரம் ஆடினார், அப்புறம் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங்கில் 102 ஆட்டத்தில் 97 கோல், இப்போது ஆர்சனல். விற்றாலும் பயம், வைத்திருந்தாலும் பயம்.

இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீகுக்கு அனுப்பலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இந்த யோசனையை நான் எளிதில் தள்ள மாட்டேன். 46 ஆட்டம், சனி, செவ்வாய், சனி என்று ஓயாத ஓட்டம், கோல் அடித்தே தீர வேண்டும். டாமி ஆபிரகாம் பிரிஸ்டல் சிட்டியில் 23, ஆஸ்டன் வில்லாவில் 25 என்று லீக் கோல்களை அள்ளினார். இரண்டுக்கும் நடுவே பிரீமியர் லீகில் ஸ்வான்சிக்கு லோனில் போன சீசனில் ஐந்தோடு நின்றார். ஹாரி கேனும் (அவர் அப்பா கால்வே பக்கத்துக்காரர், கொஞ்சம் விட்டிருந்தால் அயர்லாந்துக்கே ஆடியிருப்பார் என்று அங்கே இன்றும் பெருமூச்சு விடுகிறார்கள்) மில்வாலில்தான் முளைவிட்டார். பிரீமியர் லீகில் நார்விச்சுக்குப் போனபோது ஒரு கோலும் இல்லை. ஆனால் மறுபடி ஒரு படி இறங்கி லெஸ்டருக்குப் போனபோதும் வெறும் இரண்டுதான். 2013-இல் அந்த லெஸ்டர் பெஞ்சில் கேனும் ஜேமி வார்டியும் பக்கத்தில் பக்கத்தில் முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு படம் உண்டு. சின்ன லீக் என்பதாலேயே ஆட்டம் கிடைத்துவிடாது என்பதற்கு அந்தப் படமே போதும். ஃபெர்குசன் விஷயத்தில் என் தயக்கம் அவருடைய கணுக்கால். நவம்பரில்கூட அதனால்தான் போர்ச்சுகல், ஹங்கேரி ஆட்டங்களைத் தவறவிட்டார். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்ற அந்தச் செக்கில் அந்தக் காலைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஸ்காட்லாந்து? ஆடம் ஐடா அந்த வழி போனவர். கார்க் நகரத்துக்காரர், 2024 தொடக்கத்தில் நார்விச்சிலிருந்து செல்டிக்குக்கு அரை சீசன் லோன். 19 ஆட்டத்தில் 9 கோல். மே 25 அன்று கோப்பை இறுதி ஆட்டத்தில், எதிரணி ரேஞ்சர்ஸ், 90-வது நிமிடத்தில் அந்த ஆட்டத்தின் ஒரே கோல். இதற்கு மேல் ஒரு லோன் எப்படி வெற்றி பெற முடியும்? செல்டிக் பெரிய விலை கொடுத்து வாங்கியது. அடுத்த சீசனில் 20 கோல் அடித்தார், ஆனாலும் ரசிகர்களில் பாதிப்பேர் முணுமுணுத்தபடியே இருந்தார்கள். 2025 செப்டம்பரில் ஸ்வான்சிக்கு விற்றாகிவிட்டது. அரை சீசன் வெளிச்சத்தில் கண்ட ஆட்டக்காரரை முழுப் பகலில் பார்க்கும்போது வேறு மாதிரி தெரிகிறார் போல.

இனி ட்ராய் பாரட். இந்த ஒப்பீட்டில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது இவரிடம்தான்.

டப்ளினின் வடக்கு உள்நகரப் பையன். 2019 டிசம்பரில் டாட்டன்ஹாமுக்காகப் பிரீமியர் லீகில் முதல் முறை இறங்கினார், சில நிமிடங்கள்தான். பர்ன்லியை 5-0 என்று வென்ற அந்த நாளில், ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் மொரின்யோ அந்தப் பந்தையே எடுத்து 17 வயதுப் பையன் கையில் கொடுத்தார். அப்புறம் லோன் படலம்: மில்வாலில் ஒரு கோல்கூட இல்லை. இப்ஸ்விச்சில் இரண்டு. எம்கே டான்ஸில் ஓரளவு நன்றாகவே ஆடினார், ஆனால் அது மூன்றாம் நிலை லீக். பிரெஸ்டனில் விரல் விட்டு எண்ணும் அளவு. நான்கு கிளப், மூன்று சீசன். அயர்லாந்து ரசிகர்கள் கிட்டத்தட்டக் கைகழுவிவிட்டார்கள். பந்து கொடுத்த மொரின்யோவும் எப்போதோ போய்விட்டிருந்தார்.

2023-இல் ஐந்தாவது இரவல், நெதர்லாந்தில் ராட்டர்டாமின் எக்ஸெல்சியர். அந்த நகரத்தில் பெரிய கிளப்பான ஃபெயனூர்டுக்கு முன் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத கிளப். மைதானத்தில் உட்காரக்கூடியவர்கள் சுமார் 4,500 பேர், டாட்டன்ஹாம் மைதானத்தின் ஒரு மூலைக்குள் அவ்வளவு பேரையும் அடக்கிவிடலாம். அணி அந்த சீசனில் தொடர்ந்து தோற்றது, கடைசியில் பிளே-ஆஃபில் (யார் மேல் லீகில் இருப்பது என்று தீர்க்கும் ஆட்டங்கள்) நாக் பிரேடாவிடம் விழுந்து கீழ் லீகுக்கே இறங்கியது. ஆனால் பாரட் லீகில் 10, பிளே-ஆஃப் எல்லாம் சேர்த்து 17 கோல். தோற்கிற அணியில் எப்படி? மோசமாக ஆடிய ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறும் அவர்தான் ஆடினார். மாற்றுவதற்கு ஆளே இல்லை. இரண்டு வாய்ப்பைக் கோட்டை விட்டாலும் மூன்றாவது வரும் வரை களத்தில் நிற்கலாம் என்ற நிம்மதி ஸ்ட்ரைக்கருக்கு எத்தனை பெரிய விஷயம் என்பது, 60-வது நிமிடத்தில் ஆள் மாற்றும் பலகையில் தன் எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்களுக்குத்தான் தெரியும். 2024 கோடையில் ஏஇசட் அல்க்மார் அவரை வாங்கியது. அந்த செப்டம்பரில் ஹீரன்வீனை 9-1 என்று துவைத்த ஆட்டத்தில் நான்கு கோல் அவருடையது.

2025 நவம்பர் 13, டப்ளின்: போர்ச்சுகலுக்கு எதிராக 2-0, இரண்டும் பாரட். நவம்பர் 16, புடாபெஸ்ட்: ஹங்கேரிக்கு எதிராக 3-2, மூன்றும் பாரட், கடைசிக் கோல் 96-வது நிமிடத்தில். கணுக்கால் காயத்தால் ஃபெர்குசன் இல்லாத இரண்டு ஆட்டங்கள். உலகக் கோப்பைக் கனவை உயிரோடு வைத்திருந்தது, எல்லோரும் கைகழுவிய அந்தப் பையன்.

பாரட் போன பாதையை அப்படியே ஃபெர்குசனுக்கும் போட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. பாரட் ஆடிய காலத்து எக்ஸெல்சியர் மாதிரி செயற்கைப் புல் மைதானம் அந்தக் கணுக்காலுக்கு ஒத்து வராது. அதுதான் நான் முதலில் சொன்ன 'ஆனால்'. சம்பளமும் இடிக்கும், பெரும்பகுதியை பிரைட்டனே தர வேண்டியிருக்கும். ஆனால் 2029 வரை ஒப்பந்தம் வைத்திருக்கிற கிளப்புக்கு ஒரு சீசன் சம்பளம் என்பது விதைநெல். நெதர்லாந்து லீகில் 18 அணி, 34 ஆட்டம், நடுத்தர அணிகளுக்கு ஐரோப்பியப் போட்டிகள் கிடையாது, பெரும்பாலும் வாரத்துக்கு ஓர் ஆட்டம். கணுக்காலுக்கு இதைவிட இதமான கால அட்டவணை கிடைக்காது. பிரைட்டன் உரிமையாளர் டோனி புளூமுக்கு பிரசல்ஸின் யூனியன் செயின்ட் ஜிலாய்ஸிலும் பங்கு உண்டு. ஜப்பான்காரர் மிதோமா அங்கே ஒரு சீசன் ஆடித்தான் பிரைட்டனுக்குத் தயாரானார். ஆனால் 2025-இல் யூனியன் பெல்ஜியத்தின் சாம்பியன் ஆகிவிட்டது, அங்கேயும் போட்டி அதிகம். பெயர் சின்னதாக, புல் உண்மையானதாக, ஸ்ட்ரைக்கர் போடும் ஒன்பதாம் எண் சட்டைக்கு வேறு ஆள் இல்லாததாக இருக்க வேண்டும். முழு சீசன், வாங்கும் உரிமை எதுவும் இல்லாமல்.

2026 ஜனவரியிலேயே தூக்கிக்கொண்டு போகலாமா? ஒரு சீசனில் இரண்டு கிளப்புக்கு ஆட ஃபிஃபா விதி இடம் கொடுக்கிறது, அதனால் வழி இருக்கிறது. நான் செய்ய மாட்டேன். இத்தாலிய மொழியும் காஸ்பெரினியின் கெடுபிடியும் இப்போதுதான் கொஞ்சம் பிடிபடத் தொடங்கியிருக்கின்றன, பாதியில் பிடுங்கி நட்டால் வெஸ்ட் ஹாம் கதைதான் மறுபடி. மே வரை ரோமாவிலேயே இருக்கட்டும். கோல்களை நான் எண்ணப் போவதில்லை. தொடக்க அணியில் அவர் பெயர் வாரம் விட்டு வாரமாவது வருகிறதா, மோசமாக ஆடிய நாளிலும் 60-வது நிமிடத்தைத் தாண்டி நிற்க விடுகிறார்களா என்று மட்டும் பார்ப்பேன். வந்தால் ரோமா வாங்கட்டும், நானே என் கட்சியைக் கலைத்துவிடுகிறேன். வராவிட்டால் ஜூன் மாதம் பிரைட்டன் அந்த நெதர்லாந்துத் தொலைபேசி எண்ணைத் தேட வேண்டியதுதான். பாரட் எக்ஸெல்சியர் போனபோது அவருக்கும் வயது 21.